வெந்த புஞ்சையில் காய்ச்சிய இரும்பு

அந்தக் கற்கள் ஒன்றோடொன்று உரசும்போது பீங்கான் தட்டுகள் மோதுவது போன்ற மெல்லிய சத்தம் வரும். வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு மிதித்தால் மற்றக் கற்களைவிடச் சீக்கிரம் சுடும். மழையில் நனைந்தால் அவற்றின் மேல் நீலமும் பச்சையுமாக ஒரு மினுமினுப்பு ஓடும். கையில் எடுத்தால் பார்வைக்குத் தோன்றியதைவிடக் கனமாக இருக்கும்; ஒரு பக்கம் கண்ணாடி போல வழவழப்பு, மறுபக்கம் கொப்புளம் கொப்புளமாகச் சொரசொரப்பு. டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே, மினி பஸ் கடைசியாக வந்து திரும்பிப் போகிற எங்கள் ஊரில், ஓடைக்கரையை ஒட்டியிருந்த ஒரே ஒரு புஞ்சையில் மட்டும் இந்தக் கற்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. அதற்கு ஊரார் வைத்திருந்த பெயர் "வெந்த புஞ்சை". நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு, ஆடி மாதத்தில், என் அம்மா அதை விலைக்கு வாங்கினாள்.

வாங்க முடிந்ததற்குக் காரணமே அந்தப் பெயர்தான். எந்தக் காலத்திலோ அங்கே ஓர் ஊரே நோய் கண்டு இறந்துபோனதாகவும், அத்தனை பேரையும் அந்த இடத்திலேயே வைத்து எரித்ததாகவும் சொல்வார்கள். மண் செங்கல் நிறத்தில் வெந்து கிடந்தது அதற்கு ஒரு சாட்சி. கருங்கற்கள் இன்னொரு சாட்சி. மூன்றாவது சாட்சிதான் எல்லோரையும் பயமுறுத்தியது. உழும்போது சில சமயம் மணிக்கட்டுப் பருமனில், உள்ளே துளையோடு, சாம்பல் வெளுப்பாக, ஒரு முனை மட்டும் கருகிப்போன துண்டுகள் கிளம்பி வரும். அவற்றைக் குழந்தைகளின் கை கால் எலும்பு என்று ஊர் நம்பியது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஊருக்கென்று ஒரு முறை இருந்தது. அதை வெறுங்கையால் தொடாமல் இலையில் எடுத்து, வரப்போரம் குழி தோண்டி, பால் ஊற்றிப் புதைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு வந்து குளிக்க வேண்டும். அந்தப் புஞ்சைக் கிணற்றில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அதன் வழியே ஆடுகூட ஓட்டுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அம்மா பாவாடை கட்டிய வயதிலிருந்து மற்றவர்களின் காட்டில் களை எடுத்தவள், கதிர் அறுத்தவள். எந்தக் காட்டில் எந்த மூலையில் கோரை முளைக்கும் என்று உரிமையாளரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் முதல் பஸ்ஸில் போய்விடுவார். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருக்கிறது, குடும்பத்தோடு வந்துவிடு என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நிலம் வாங்கியதில் அப்பாவுக்கு மனமில்லை. ஆனாலும் அவர் குறுக்கே நிற்கவில்லை. ஒரு வெள்ளாமை பார், தேறினால் உன் இஷ்டம், தேறவில்லை என்றால் விற்றுவிட்டு ஆரப்பாளையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் பேசினார். அம்மா சரி என்றாள்.

புரட்டாசியில் வெளியூர் டிராக்டர்காரர் ஒருவரை வைத்து உழுது, அம்மாவே குதிரைவாலி விதைத்தாள். மழை நன்றாகப் பெய்தது. களையும் அவளே எடுத்தாள். ஆனால் குதிரைவாலியை ஓர் ஆள் அறுத்துவிட முடியாது. கதிர் முற்றிவிட்டால் காத்திருக்காமல் மணி உதிரத் தொடங்கும், காற்றடித்தால் விளைந்ததில் பாதி மண்ணுக்குப் போய்விடும். அறுப்புக்குக் கூட்டமாக ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அறுப்பு என்றால் "பேச்சி செட்டு". எங்கள் தெருவிலேயே இருந்த பேச்சி, அம்மாவுக்கு மதினி முறை. இருபது பெண்களைச் சேர்த்து வைத்திருந்தாள். எந்தக் காட்டுக்கு எப்போது போவது என்பது அவள் வாயிலிருந்து வரும் சொல். அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவும் அந்தச் செட்டில்தான் பல ஆண்டு அறுத்தவள். ஐப்பசியிலேயே அவள் போய்க் கேட்டபோது, பேச்சி வெற்றிலையை மென்றபடியே தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"ஏத்தா லச்சுமி, ஒனக்காக வேற எந்தக் காட்டுலயும் கூலி இல்லாம அறுத்துத் தாரேன். இதுல மட்டும் கேக்காத. நாளைக்கு எஞ் செட்டுல ஒருத்தி பிள்ளைக்கு மேலுக்கு முடியாமப் போனா, அந்தப் புஞ்சையில எறங்குனதாலதான்னு சொல்லுவாக. அப்ப நீ வந்து பதில் சொல்லுவியா?"

அம்மா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் ஊர் ஆசாரியின் உலைக்களத்தில்தான் விஷயம் திரும்பியது. அரிவாளுக்குப் பல் வெட்டப் போயிருந்த அம்மா, அவர் உலையின் அடியைக் கொக்கியால் சுரண்டி வெளியே தள்ளிய கட்டியைப் பார்த்தாள். கறுப்பு, கனம், ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் கொப்புளம். மறுநாள் புஞ்சையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தாள். ஆசாரி வாயாடி, தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற வழக்கமில்லாதவர். இரண்டையும் தட்டிப் பார்த்து, இது "சிட்டங்கல்", இரும்பு காய்ச்சும்போது கழிகிற கசடு, நம்மாள் எவனோ அங்கே பட்டறை போட்டிருக்கிறான், அதைப் பிணம் எரித்த இடம் என்று சொன்னவனை என்னிடம் கூட்டி வா என்றார். அம்மா அவர் சொன்னதை அப்படியே பேச்சியிடம் போய்ச் சொன்னாள். பேச்சி சிரித்தாள். ஆசாரி அடிப்பது லாரிக்கு அடியில் வில்லாக வளைந்திருக்கிற பட்டையைத்தானே, பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து வெட்டி அடிக்கிறார், கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் இரும்பு வந்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டாள். ஆசாரி எடுத்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்றாள். இது ஆசாரியின் காதுக்குப் போக அரை நாள்கூட ஆகவில்லை. காட்டுகிறேன் என்று தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார்.

அவருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. அவர் அப்பாவும் பழைய இரும்பைத்தான் அடித்தவர். முதல் நாள், சிட்டங்கல்லில் இரும்பு கொஞ்சம் மிச்சமிருக்கத்தானே செய்யும் என்று கணக்குப் போட்டு, ஒரு கூடைக் கல்லை உடைத்து உலையில் கொட்டிக் காலையிலிருந்து காற்றடித்தார். மத்தியானம் வெளியே எடுத்தபோது அதே கல்தான் வந்தது, கொஞ்சம் உருகி, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு. கல்லை வறுத்து ஆசாரி கல்லு எடுத்திருக்காரு என்று பேச்சி தெருக்குழாயடியில் சொன்னது அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவியது. எடுத்து முடித்த சக்கையில் மறுபடியும் சாறு பிழிய முடியாது என்பது எங்களுக்குப் புரிந்தது. அப்படியானால் அந்தப் பழைய ஆட்கள் எதிலிருந்து எடுத்தார்கள்?

பதில் நாங்கள் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் இருந்தது. உடைந்த ரேடியோப் பெட்டியிலிருந்து கிடைத்த காந்தத்தை நூலில் கட்டி ஓடை மணலில் இழுத்துக்கொண்டு போனால், கறுப்பு மயிர் மாதிரி தூள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தாளில் கொட்டி அடியில் காந்தத்தை நகர்த்தினால் எழுந்து நின்று ஆடும். எங்கள் தெருவில் இந்த விளையாட்டு தெரியாத பிள்ளை இல்லை. நான் ஆட்டிக்கொண்டிருந்ததை ஒரு நாள் அம்மா நின்று பார்த்தாள். இது எங்கே கிடைக்கிறது என்று கேட்டாள். மழை வடிந்த பிறகு ஓடை திரும்புகிற வளைவுகளில், தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில், கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு படிந்திருக்கும். அந்த வாரம் அப்பா பழைய சாமான் கடையிலிருந்து பெரிய ஒலிபெருக்கியின் வளையக் காந்தம் ஒன்றை வாங்கி வந்தார். ஆரப்பாளையத்து அறையைப் பற்றிப் பேசிக்கொண்டே அதை அம்மாவிடம் கொடுத்தார்.

காந்தத்தால் மட்டும் சேர்த்தால் தை போய் மாசி வந்துவிடும் என்று தெரிந்ததும், அம்மா வேறு வழி கண்டாள். சோற்றுக்கு அரிசி அரிக்கிற மாதிரி மணலை அரித்தாள். அகன்ற சட்டியில் மணலும் தண்ணீருமாக எடுத்து, ஒரு பக்கம் சாய்த்து, மணிக்கட்டை வட்டமாக ஆட்டினால் இலேசான மணல் தண்ணீரோடு வழிந்து போகும், கனமான கருமணல் அடியில் தங்கும். அரிசி அரிக்கும்போது வழிந்து போவதை வைத்துக்கொண்டு அடியில் தங்குகிற கல்லைக் கொட்டுவோம். இங்கே அது தலைகீழ். கார்த்திகை முழுவதும் ஓடைத் தண்ணீரில் நின்று அவள் விரலிடுக்குகள் வெளுத்து ஊறிப்போயின. பிள்ளைகள் காந்தம் போட்டுத் தேடி இடம் காட்டுவோம், அவள் அரிப்பாள். சாக்கில் சேர்ந்த கருமணலை நான் தூக்க முயன்றேன், அசைக்கக்கூட முடியவில்லை.

அடுத்தது கரி. உலைக்கு வாங்குகிற கரி போதாது, மூட்டை மூட்டையாக வேண்டும் என்று ஆசாரி சொல்லிவிட்டார். சீமைக்கருவேலை வெட்டி "கரிமூட்டம்" போடுகிற வேலைக்கு அம்மா முன்பு கூலிக்குப் போயிருக்கிறாள். விறகை வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, ஈர மண்ணைப் பூசி, நெருப்பு வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே எரியக் கூடாது, புழுங்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அந்தப் பக்கத்து விறகு முழுக்கச் சாம்பலாகிவிடும். முதல் மூட்டம் அடைமழையில் ஒரு பக்கம் சரிந்து அப்படித்தான் போனது. இரண்டாவதை அம்மா குழந்தைக்குக் காவல் இருப்பது போலக் காவல் இருந்து, புகை நிறம் மாறுகிற இடமெல்லாம் மண்ணை அப்பிக் காப்பாற்றினாள். நல்ல கரியைத் தட்டினால் சில்லென்று ஓசை வரும். பிறகு அதை நெல்லிக்காய் அளவுக்கு உடைக்க வேண்டியிருந்தது. பெரிதாக இருந்தால் கருமணல் இடுக்கு வழியே நேரே அடிக்கு விழுந்துவிடும், பொடியாக இருந்தால் காற்று ஏறாது. இதைக்கூட நாங்கள் ஒரு தடவை தப்புச் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

பிறகு அடுப்பு. கண்மாய்க் களிமண்ணில் உமியைப் போட்டு மிதித்து, புஞ்சையின் ஒரு மூலையில், அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குதிர் மாதிரி எழுப்பினார்கள். மார்கழிப் பனியில் அது காயவே இல்லை. காய்ந்த இடமெல்லாம் வெடித்தது. உள்ளே சிறு நெருப்புப் போட்டுக் காயவைப்பதும், வெடிப்பை மெழுகுவதுமாக இருந்தார்கள். காற்று போவதற்கு ஒரு குழாய் வேண்டும். இரும்புக் குழாய் வைத்தால் அந்தச் சூட்டுக்கு அதுவே உருகிப்போகும் என்றார் ஆசாரி. ஆமணக்குத் தண்டைச் சுற்றிக் களிமண்ணை அப்பி, நிழலில் உலர்த்தி, தீயில் சுட்டார்கள். தண்டு எரிந்துபோக, நடுவில் துளை நின்றது. அந்தக் குழாயை அடுப்பின் அடிப்பக்கம் செருகி, மறுமுனையில் ஆசாரியின் கையால் சுழற்றுகிற காற்றுச் சக்கரத்தைப் பொருத்தினார்கள்.

ஒரு நாள் விடிந்ததும் காய்ச்சத் தொடங்கினோம். ஒரு கூடை கரி, ஓர் உழக்கு கருமணல். அது இறங்கியதும் மறுபடி கரி, மறுபடி மணல். சக்கரம் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே உருகியதெல்லாம் அப்படியே உறைந்து, உடைத்தாலும் வராது. ஊர்க்காரர்கள் வரப்புக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேச்சியும் வந்திருந்தாள். வரப்பில் ஏறவில்லை, ஓடைப்பக்கமாக, கருவேல நிழலில் நின்றுகொண்டாள். பகல் ஏறியபோது ஆசாரி அடுப்பின் அடியில் களிமண்ணால் அடைத்திருந்த ஒரு துளையைக் கம்பியால் குத்தித் திறந்தார். வெல்லப்பாகு மாதிரி, சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக மடிந்துகொண்டு ஒன்று வழிந்தது. வழிந்த வேகத்திலேயே கறுத்து இறுகியது. ஆறியதும் அம்மா அதைக் கட்டையால் புரட்டினாள். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் கொப்புளம். புஞ்சையில் கிடந்த கற்களின் நடுவே அதைத் தள்ளிவிட்டால், எது எதுவென்று அவளாலேயே பிரிக்க முடியாது.

ஆனால் அடுப்பை உடைத்தபோது இரும்பு இல்லை. மணலை அவசரப்பட்டு அள்ளிப் போட்டுவிட்டோம், இருந்த இரும்பெல்லாம் கசடோடு ஓடிவிட்டது என்று ஆசாரி பிற்பாடு கண்டுபிடித்தார். அப்போது அவர் உடைந்துபோன காற்றுக் குழாயைக் குறடால் பிடுங்கி எரிச்சலோடு வரப்புக்கு அப்பால் வீசினார். அது பேச்சியின் காலடியில் போய் விழுந்தது.

பேச்சி அதைக் குச்சியால் தள்ளிப் பார்த்தாள். குனிந்தாள். வெகுநேரம் குனிந்தபடியே இருந்ததால் அம்மா என்னவோ ஏதோ என்று அங்கே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மணிக்கட்டுப் பருமன், உள்ளே துளை, சாம்பல் வெளுப்பு, ஒரு முனை மட்டும் கருகிக் கண்ணாடியாகி இருந்தது.

"இதுவா லச்சுமி?" என்றாள் பேச்சி. "எங்க சின்னாத்தா இதுக்கு ஒப்பாரி வச்சுப் பொதைச்சா. நானே ரெண்டுக்குப் பாலூத்திருக்கேன்."

பிறகு தனக்குத்தானே சொல்வது போல, எம்புட்டுப் பாலு, ஒரு வீட்டுக்கு ஒறை ஊத்தியிருக்கலாம் என்றாள். ஆசாரி தூரத்திலிருந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தன் கண்ணுக்குத் தெளிந்துவிட்டது, ஆனால் தன் செட்டுப் பெண்களுக்குக் குழாயைக் காட்டினால் போதாது, காய்ச்சினேன் என்கிறாயே இரும்பு எங்கே என்றுதான் கேட்பார்கள், அவர்கள் கையில் ஓர் அரிவாளைக் கொடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். கதிர் அப்போது பச்சை மாறிப் பழுக்கத் தொடங்கியிருந்தது.

மிச்சமிருந்த மணல் இன்னொரு தடவைக்குத்தான் காணும். ஓடையில் தண்ணீர் வற்றிவிட்டதால் இனி அரிக்கவும் வழியில்லை. அடுப்பை மறுபடி எழுப்பி, காயவைத்து, இந்தத் தடவை மணலைப் பாதியாகக் குறைத்து, கரியைக் கூட்டி, நிதானமாகக் காய்ச்சினார்கள். அப்பா ஆரப்பாளையத்தில் இருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆசாரியும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சக்கரம் சுற்றினார்கள். மத்தியானத்துக்கு மேல் ஆசாரியின் தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா சக்கரத்தைப் பிடித்தாள். ஆனால் கரி போட வேண்டியவளும் அவள்தான். சக்கரத்தை என்னால் சுற்ற முடியவில்லை; கூடையைத் தூக்கிப் பார்த்தேன். அடுப்பின் வாய் எனக்கு எட்டவில்லை, அனலில் புருவம் பொசுங்கியது. கரி கீழே இறங்கிக்கொண்டே போனது. அம்மா சக்கரத்தை விட்டுவிட்டுக் கூடையை எடுக்க எழுந்தாள். அடுப்புக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் தணிந்தது.

இந்தத் தடவையும் வரப்புக்கு வெளியே நின்ற பேச்சிக்கு அந்த இரைச்சல் தணிந்தது கேட்டிருக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறி, இந்தப் பக்கம் குதித்து, வெந்த மண்ணை மிதித்துக்கொண்டு நேரே வந்து சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தாள். "நிப்பாட்டிராத. நீ கரியப் போடு" என்று மட்டும் சொன்னாள். அவள் கைக்கு அந்தச் சக்கரம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. சுற்றிக்கொண்டே ஆசாரியைப் பார்த்து, அண்ணே, லாரிப் பட்டைய அடிச்ச தோளு இதுக்கே போச்சா என்று கேட்டாள். ஆசாரி வலியோடு வலியாக, நீ ஒருநாள் பட்டறைக்கு வா, அப்ப தெரியும் என்றார். வெயில் சாய்கிற வரைக்கும் அவள் கைப்பிடியை யாருக்கும் கொடுக்கவில்லை.

அடுப்பை உடைத்து ஆசாரி ஒற்றைக் கையால் குறடு போட்டு வெளியே இழுத்தது, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கரித்துண்டுகள் ஒட்டிக்கொண்டு, மஞ்சளாக ஜொலித்த ஒரு கட்டி. ஒரு தேங்காயைவிடச் சற்றுப் பெரிது. இரும்பு என்றால் அவருக்குத் தெரிந்த இரும்பு லாரிப் பட்டை. ஓங்கி அடித்தால்தான் அது வளையும். அந்தப் பழக்கத்தில் அதே கையால் சம்மட்டியை எடுத்து ஓர் அடி அடித்தார். கட்டியில் பாதி பொடிப்பொடியாகத் தெறித்தது. "அண்ணே, பச்சப்பிள்ளையத் தட்டுற மாதிரி தட்டுங்கண்ணே" என்றாள் அம்மா. ஆசாரி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, தச்சர்கள் உளி அடிக்கிற மரக் கொட்டாப்புளியை வாங்கி, மிச்சப் பாதியை மெல்ல, நாலாபுறமும் உருட்டி உருட்டித் தட்டினார். தட்டத் தட்ட அதன் ஓட்டைகளிலிருந்து கசடு பொறிபொறியாகப் பிதுங்கி வெளியேறியது. கட்டி சுருங்கியது, இறுகியது. பிறகு அதை உலைக்களத்துக்குக் கொண்டுபோய்க் காய்ச்சித் தட்டி, மடித்துத் தட்டி, மறுபடி காய்ச்சித் தட்டியதில், சாக்குச் சாக்காகக் கரியும் மணலும் போட்ட எங்களுக்கு ஓர் உள்ளங்கை நீளத்தில் ஓர் அரிவாள் கிடைத்தது. பார்க்கச் சுமார்தான். முதுகில் ஒரு வெடிப்பு ஓடியது. ஆசாரி அதற்குப் பல் வெட்டிக் கைப்பிடி போட்டு, தன் பட்டறையில் செய்த எந்த அரிவாளையும் துடைக்காத அளவுக்குத் துடைத்துக் கொடுத்தார்.

பேச்சி ஒரு சுளகில் மூன்று பொருள்களை வைத்துக்கொண்டு தன் செட்டுப் பெண்களின் வீடு வீடாகப் போனாள். புஞ்சையில் கிடந்த பழைய குழாய்த்துண்டு ஒன்று, எங்கள் அடுப்பில் உடைந்த புதுக் குழாய்த்துண்டு ஒன்று, அந்த அரிவாள். இரண்டு துண்டில் எது பழசு, எது போன வாரம் லச்சுமி பிசைந்தது என்று சொல்லு என்பாள். பலபேர் தொட மறுத்தார்கள். தொட்டவர்கள் புரட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள்; ஆளுக்கு ஒன்றைக் காட்டினார்கள். அப்புறம் அரிவாளைக் கையில் கொடுப்பாள். சுளகோடு கூடவே போன எனக்கு இன்றும் நினைவிருப்பது, அந்தப் பெண்கள் அரிவாளைவிடக் குழாயைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்கள் என்பது. தாங்களும் பால் ஊற்றியவர்கள்தானே.

தை பிறந்த வாரத்தில் ஒரு காலை, செட்டு வந்து வரப்பில் வரிசையாக நின்றது. கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை. பேச்சி இறங்கி, அந்தச் சின்ன அரிவாளால் முதல் கதிரைப் பிடித்து அறுத்தாள். சில பிடி அறுப்பதற்குள் அது வளைந்துவிட்டது. அது இளக்கமான இரும்பு. முழங்காலில் வைத்து நிமிர்த்தி மறுபடி அறுத்தாள், மறுபடி வளைந்தது. இம்புட்டுப் பாடுபட்டுக் கடைசியில வாழைநாருதானா என்று ஒருத்தி சொல்ல, வரப்பில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்கள். அறுப்பை அவரவர் லாரிப்பட்டை அரிவாளால்தான் அறுத்தார்கள். வெயில் ஏறியதும் பேச்சி கிணற்றில் தண்ணீர் சேந்தச் சொல்லிக் குடித்தாள். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொருவராகச் செம்பை வாங்கினார்கள்.

சனிக்கிழமை வந்த அப்பா களத்தில் குவிந்து கிடந்த குதிரைவாலியில் கையை விட்டு அளைந்தார். அரிவாளை வாங்கிக் கட்டைவிரலால் அதன் வெடிப்பைத் தடவினார். லேத்தில் தினமும் இரும்பைச் சீவுகிறவர் அவர். இரும்பு எப்படி வருகிறது என்று அதுவரை யோசித்ததில்லை என்று ஆசாரியிடம் சொன்னார். அம்மாவிடம் வேறு விதமாகச் சொன்னார். "ஓனர்ட்ட ரூம் வேணாம்னு சொல்லிர்றேன்."

அந்த நாட்களை நினைக்கும்போது அம்மாவின் பிடிவாதத்தைவிடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. எங்களிடம் காந்தம் இருந்தது, காற்றுச் சக்கரம் இருந்தது, முடிந்தால் இப்படி முடியும் என்ற செய்தியும் அந்தக் கற்களின் வடிவத்தில் முன்னாலேயே கிடந்தது. அந்தக் குவியல்களை விட்டுப் போனவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஓடையின் கறுப்புக் கோட்டைப் பார்த்து இதற்குள் ஓர் அரிவாள் இருக்கிறது என்று முதலில் நினைத்தது யார், எத்தனை அடுப்பு வெடித்த பிறகு மண்ணில் உமி சேர்த்தார்கள், எத்தனை கட்டிகளைப் பொடியாக்கிய பிறகு மெல்லத் தட்டக் கற்றார்கள் என்று கேட்க ஆளில்லை. எங்களுடைய ஒரு வளைந்த அரிவாளுக்கே ஒரு பருவம் முழுவதும் போனது. அவர்கள் அந்தப் புஞ்சையை மேடாக்குகிற அளவுக்குக் காய்ச்சியிருக்கிறார்கள். அத்தனை பேர் அத்தனை காலம் வேலை செய்த இடத்தைத்தான் ஊர் சுடுகாடு என்று ஒதுக்கி வைத்திருந்தது.

இன்று அங்கே மேடு இல்லை. நான்கு வழிச் சாலை போட்டபோது சிட்டங்கல்லை டிராக்டரில் அள்ளிப் போய்க் குழியில் கொட்டி நிரவினார்கள். அரிவாள் இரண்டு மழைக்காலம் தாங்காமல் துருவாக உதிர்ந்தது. ஆசாரி இல்லை, பேச்சியும் இல்லை. அவளுடைய செட்டு அவளுக்கு முன்பே கலைந்துவிட்டது. அந்தப் பெண்களின் மகள்கள் காலையில் மில் வேனில் ஏறிப் போகிறார்கள். அம்மா இப்போது மக்காச்சோளம் போடுகிறாள். போன அறுப்புக்கு வெளிமாவட்டத்திலிருந்து ஓர் எந்திரம் வந்தது. ஓட்டி வந்த பையன் எல்லை எது, தண்ணீர்க் குழாய் எங்கே புதைத்திருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டான். அந்த இடம் என்ன இடம் என்று கேட்கவில்லை; அவன் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் புஞ்சை முழுவதும் அறுத்து முடித்தான். அம்மா கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு போனாள். அவன் மேலே இருந்தபடியே கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டு, வாரேம்மா என்று எந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனான். கால் வைக்க ஆள் கிடைக்காமல் ஒரு காலத்தில் எங்கள் கையைவிட்டுப் போக இருந்த நிலம் அது. அவன் கால் அந்த மண்ணில் படவே இல்லை.